திகதி உள்ள விசாவும் திகதி இல்லாத விசாவும்



சென்ற மாதம் வெள்ளிக்கிழமைப் பேச்சு நிகழ்ச்சி முடியும் தறுவாயில் ஓர் அம்மா தொலைபேசியில் வந்தார். மகள் இங்கே லண்டனில். மருமகன் கட்டாரில், டோஹாவில் ஒரு கட்டட நிறுவனத்தில் வேலை. கலியாணம் முடிந்து ஒன்றரை வருடம். விசாவுக்குப் போட்டு, மருமகனைக் கூப்பிட்டு நேர்முகமும் எடுத்து, அதுவும் முடிந்து ஐந்து மாதமாகிறது. பதில் இல்லை. "கொம்பனிக்காரர் கொன்ராக்டைப் புதுப்பிக்கச் சொல்லுகினம் தம்பி. கையெழுத்து வைக்கிறதோ, விடுகிறதோ?" என்று கேட்டார். செய்தி நேரம் நெருங்கிவிட்டது. மடலில் விரிவாக எழுதுகிறேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

எழுத உட்கார்ந்தபோதுதான் நினைவுக்கு வந்தது: இதே கேள்வியை, ஏறக்குறைய இதே சொற்களில், நான் 1997 இல் சார்ஜாவில் கேட்டிருக்கிறேன். ஆகவே அம்மாவின் கேள்விக்குப் பதில் கட்டுரையின் கடைசியில் வரும். அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை. வளைகுடாவில் இருந்துகொண்டு மனைவியிடமோ கணவரிடமோ வந்து சேரக் காத்திருப்பவர் இரண்டு விசாக்களுக்கு நடுவில் நிற்கிறார். ஒன்றுக்கு முடிவுத் திகதி உண்டு. மற்றதற்குத் திகதியே இல்லை. அந்த இரண்டும் எப்படி உருவாகின என்று பார்ப்போம்.

நான் 1994 முதல் சார்ஜாவில் ஒரு வர்த்தக நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். ரோலாச் சதுக்கத்துக்குப் பின்னால் ஓர் அறை, ஆறு கட்டில். அறையில் இருந்தவர்களில் ஒருவர் வடமராட்சிக்காரர். நான் சேர்ந்த அதே வருடம் ஏப்ரலில் அதே நிறுவனத்தில் களஞ்சியப் பொறுப்பாளராகச் சேர்ந்தவர். பெயர் வேண்டாம்; இந்த மடலை அவர் வீட்டிலும் வாசிப்பார்கள். அண்ணை என்றே சொல்கிறேன்.

அவருக்குப் பேசி வைத்திருந்த பெண் 1988 இல் லண்டன் வந்து அகதி அந்தஸ்துக் கேட்டவர். அந்தக் காலத்தில் வந்த நம்மவரில் பெரும்பாலானோரைப் போல அவருக்கும் கிடைத்தது அகதி அந்தஸ்து அல்ல. விதிவிலக்காகத் தங்குவதற்கான அனுமதி. 'ஈ.எல்.ஆர்.' என்று சொன்னால் மூத்த நேயர்களுக்கு உடனே விளங்கும். முதலில் ஒரு வருடம், பிறகு மூன்று, பிறகு மூன்று. ஏழு வருடம் முடிந்தால்தான் நிரந்தர வதிவிடம். ஏற்கெனவே மணமானவர்கள் தங்கள் குடும்பத்தை அழைக்கவே நான்கு வருடம் பொறுக்க வேண்டும். நிரந்தர வதிவிடம் இல்லாமல் புதிதாக மணம் முடித்துக் கணவரை அழைப்பது நடக்காத காரியம். 1998 இல் அந்த ஏழு வருடத்தை அரசு நான்காகக் குறைத்தது. இவர்களுக்கு அது பிந்திவிட்டது. 1989 இல் அனுமதி கிடைத்த பெண் 1996 வரை பொறுத்திருந்தார். ஊருக்குப் போக முடியாது என்பதால் திருச்சியில் கலியாணம். நம்மவர் எத்தனையோ பேருக்குத் தாலி கட்டிய இடம் திருச்சியும் சென்னையும்தான். சிதார்த்தன் மௌனகுரு இந்தக் கடல் தாண்டிய கலியாணங்களைப் பற்றி 2019 இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதியிருக்கிறார். கலியாண அல்பம் எப்படி விசா அதிகாரிக்குக் காட்டும் சாட்சியாக மாறியது என்பதை அதில் வாசிக்கலாம்.

அண்ணைக்கு நேர்முகம் 1996 ஒக்டோபரில். இரண்டு மணித்தியாலம். அறைக்கு வந்ததும் கேட்ட கேள்விகளையெல்லாம் மறக்குமுன் ஒரு கொப்பியில் எழுதி வைத்தார். எழுபதுக்கு மேல். பெண்ணின் தமையனுக்கு என்ன வேலை, சீதனம் எவ்வளவு, கலியாணத்தன்று மத்தியானம் என்ன கறி, கடைசியாக எப்போது கதைத்தீர்கள். அவற்றுக்கிடையே சாதாரணக் கேள்வி போல ஒன்று: "உங்களுக்கு விசா கிடைக்காவிட்டால் மனைவி உங்களுடன் வந்து இலங்கையில் இருப்பாரா?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் கிட்டத்தட்ட முப்பது வருட வரலாறு இருந்தது.

பொதுநலவாய நாடுகளிலிருந்து குடும்பத்தாரை அழைப்பதற்கு, புறப்படுமுன்பே நுழைவுச் சான்றிதழ் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் 1969 இல் வந்தது. ஜேம்ஸ் கலகன் அப்போது உள்துறை அமைச்சர். அதுவரை விமான நிலையத்தில் கேட்கப்பட்ட கேள்விகள் டாக்காவுக்கும் இஸ்லாமாபாத்துக்கும் டில்லிக்கும் மாறின. ஹீத்ரோவில் நிறுத்தி வைக்கப்பட்டவர் கண்ணுக்குத் தெரிவார். பத்திரிகைக்காரர் வருவார், பாராளுமன்ற உறுப்பினர் தொலைபேசி எடுப்பார். சொந்த நாட்டில் தபாலுக்குக் காத்திருப்பவரை யாருக்குத் தெரியும்? காத்திருப்பு லண்டனின் கண்ணுக்கு மறைந்துபோனது அந்தச் சட்டத்தோடுதான் என்பது என் கருத்து.

சந்தேகம் எந்த எல்லைவரை போனது என்பதற்கு ஒரு சம்பவம். 1979 ஜனவரியில் மணம் முடிப்பதற்காக ஹீத்ரோ வந்திறங்கிய 35 வயது இந்திய ஆசிரியை ஒருவரை, அவர் கன்னியா என்று அறிய வைத்தியரைக் கொண்டு பரிசோதித்தார்கள். பெப்ரவரி முதலாம் திகதி கார்டியன் பத்திரிகை அதை வெளியிட்டது. ஏதோ ஒரு தனிச் சம்பவம் என்றே அன்று பேசப்பட்டது. இந்தியத் துணைக்கண்டத்தில் விசாவுக்கு விண்ணப்பித்த பெண்களில் குறைந்தது 80 பேருக்கு அந்தப் பரிசோதனை நடந்ததைப் பின்னாளில் ஆவணங்களைத் தோண்டிய அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2011 இல் அது செய்தியாக வந்தது.

பெண்களின் நிலை அப்படி. ஆண்களுக்கு 1980 இல் வேறொரு விதி வந்தது: 'முதன்மை நோக்கம்'. கலியாணம் உண்மையாக இருந்தாலும் போதாது. அந்தக் கலியாணத்தின் முதன்மை நோக்கம் பிரித்தானியாவுக்குள் வருவதாக இருக்கக் கூடாது. 1983 இல் அதை இன்னும் இறுக்கி, அப்படியான நோக்கம் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை விண்ணப்பதாரர் தலையிலேயே வைத்தார்கள். நான் கணக்குப் படித்தவன். இருக்கிற காசைக் காட்டச் சொன்னால் காட்டலாம். இல்லாத நோக்கத்தை இல்லை என்று எந்த வவுச்சரில் காட்டுவது?

அண்ணையிடம் கேட்ட கேள்வியின் பொறி இப்போது விளங்கும். "ஓம், மனைவி இலங்கைக்கு வருவா" என்றால், அப்படியானால் விசா எதற்கு என்ற அடுத்த கேள்வி. "இல்லை, வரமாட்டா, நான்தான் போகவேண்டும்" என்றால், பார்த்தீர்களா, பிரித்தானியாவுக்கு வருவதுதான் நோக்கம். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மனைவியோ அந்த நாட்டிலிருந்து தப்பி வந்தவர். அவர் எந்த இலங்கைக்குத் திரும்பி வருவது?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. துணைக்கண்டத்து மறுப்புகளில் அடிக்கடி வந்த ஒரு நியாயம், உங்கள் வழக்கப்படி பெண்தானே கணவன் வீட்டுக்குப் போகவேண்டும், ஆண் பெண்ணிடம் போவது வழக்கத்துக்கு மாறு, ஆகவே நோக்கம் குடிபெயர்வுதான் என்பது. பஞ்சாபிலும் சில்லெட்டிலும் அது வழக்கமாக இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் பெண்ணுக்குச் சீதன வீடு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் போவார். 1707 இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையிலேயே பெண்வழிச் சீதனச் சொத்துக்கு இடம் இருக்கிறது. மட்டக்களப்புப் பக்கம் இது இன்னும் உறுதி. மூன்று நூற்றாண்டாக ஏட்டில் இருக்கும் வழக்கம் அது. அண்ணை இதை நேர்முகத்தில் சொல்லியிருக்கிறார். எழுதிக்கொண்டார்களா என்று அவருக்குத் தெரியவில்லை.

1985 ஆம் ஆண்டைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். அந்த வருடம் இன சமத்துவ ஆணைக்குழு குடிவரவு நடைமுறைகள் பற்றி ஒரு நீண்ட விசாரணை அறிக்கை வெளியிட்டது. கணவனையும் மனைவியையும் தனித்தனியே விசாரித்து, விடைகளில் உள்ள சின்ன முரண்களைப் பிடித்து மறுக்கும் முறையை அது கண்டித்தது. மே 28 இல் ஸ்ட்ராஸ்பேர்க் மனித உரிமைகள் நீதிமன்றம் அப்துல்அசீஸ், கபாலெஸ், பல்கண்டலி என்ற மூன்று பெண்களின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மனைவியை ஆண் அழைக்கலாம், கணவனைப் பெண் அழைப்பது கடினம் என்பது பால் பாகுபாடு என்றது. அரசு அந்தத் தீர்ப்பை எப்படி நிறைவேற்றியது தெரியுமா? கணவன்மாருக்கு இளக்கவில்லை. முதன்மை நோக்க விதியை மனைவிமாருக்கும் நீட்டிச் 'சமத்துவம்' செய்தது. அதே மே மாதத்தில்தான் இலங்கையருக்கு விசா கட்டாயமாக்கப்பட்டது. பொதுநலவாய நாடு ஒன்றின் குடிமக்களுக்கு பிரித்தானியா விசா விதித்தது அதுவே முதல் தடவை. காரணம் யார்? ஹீத்ரோவில் வந்து இறங்கிக்கொண்டிருந்த நாம்தான். 1987 பெப்ரவரியில் திருப்பி அனுப்பப்பட இருந்த தமிழர்கள் விமானத்தடியில் ஆடைகளைக் களைந்து எதிர்ப்புக் காட்டியதும், அந்த வருடமே ஆவணமில்லாத பயணியை ஏற்றிவந்த விமானக் கொம்பனிக்கு ஆளுக்கு 1,000 பவுண் தண்டம் என்ற சட்டம் வந்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்ததுதான். மேற்குப் பக்கக் கதவு ஒடுங்கிய அதே வருடம் வளைகுடாப் பக்கக் கதவுக்கு அரசு பலகை எழுதி மாட்டியது. லண்டனுக்கும் கனடாவுக்கும் போக வழியில்லாத பிள்ளைகள் பலர் அந்தக் கதவால் போனார்கள்.

அந்தக் கதவின் பூட்டுக்கு 'கபாலா' என்று பெயர். கபில், அதாவது பொறுப்பு நிற்கும் முதலாளி இல்லாமல் வெளிநாட்டவருக்கு வதிவிடம் இல்லை. அவர் ரத்துச் செய்தால் வதிவிடமும் போய்விடும். இது பாலைவனத்துப் பழைய அரபு வழக்கம் என்று பலர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பஹ்ரேனைச் சேர்ந்த ஆய்வாளர் ஒமர் அல்ஷிஹாபி 2019 இல் எழுதிய கட்டுரை கண்ணைத் திறந்தது. கபாலாவின் வேரை அவர் 1920களின் பஹ்ரேனில், முத்துக்குளிக்க வந்த வெளியாட்களைக் கட்டுப்படுத்த பிரித்தானிய நிர்வாகம் செய்த ஏற்பாடுகளில் காண்கிறார். வளைகுடாவில் வேலை செய்த எவரும் மறக்காத 'என்.ஓ.சி.', அந்த ஆட்சேபனை இல்லாக் கடிதம், பிரித்தானிய அரசியல் முகவர் அலுவலக எழுத்துவேலையிலிருந்து வந்த பழக்கம்.

இரண்டு திகதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரித்தானியாவின் குடிவரவுச் சட்டம், பின்வந்த எல்லா விதிகளுக்கும் தாய், அரச ஒப்புதல் பெற்றது 1971 ஒக்டோபர் 28. பிரித்தானியர் வளைகுடாப் பாதுகாப்பிலிருந்து விலகி ஐக்கிய அரபு இராச்சியம் பிறந்தது 1971 டிசம்பர் 2. ஐந்து வாரம்தான் இடைவெளி. இங்கே ஒரு பூட்டை மாட்டினார்கள். அங்கே தாங்கள் பழக்கிய பூட்டை விட்டுவிட்டு வந்தார்கள். அண்ணை போன்றவர்கள் இரண்டுக்கும் நடுவில் நின்றார்கள்.

நடைமுறையில் அது எப்படி இருந்தது என்றும் சொல்ல வேண்டும். எமிரேட்ஸில் வீட்டுக்கு வீடு தபால்காரர் வருவதில்லை. எல்லாம் தபால் பெட்டி. தொழிலாளிக்கு ஏது சொந்தப் பெட்டி? கொம்பனிப் பெட்டி எண்ணைத்தான் விசாப் படிவத்தில் எழுத வேண்டும். அந்தப் பெட்டியின் சாவி 'மந்தூப்' என்கிற பி.ஆர்.ஓ.விடம். முடிவு வந்தால் முதலில் அறிபவர் முதலாளி. கடவுச்சீட்டோ கொம்பனிப் பெட்டகத்தில். தொழிலாளியின் கடவுச்சீட்டை முதலாளி வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்றாலும் ஊர் முழுக்க அதுவே வழக்கம். நேர்முகத்துக்கு எடுப்பதற்கே காரணம் சொல்லிக் கையெழுத்து வைக்க வேண்டும். காரணம் சொன்ன நாளிலிருந்து நீங்கள் போகப்போகிற ஆள். சம்பள உயர்வுப் பட்டியலில் உங்கள் பெயர் இராது. அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நான், ஆகவே தெரியும்.

"மனைவியை இங்கே அழைத்து வாழலாமே?" என்றும் நேர்முகத்தில் கேட்டார்கள். அண்ணையின் சம்பளம் மாதம் 1,500 திர்ஹம். குடும்ப விசாவுக்குச் சம்பள எல்லை உண்டு. பின்னாளில் அது 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் வீடும் என்று இருந்தது. மனைவி கையில் இருந்ததோ இலங்கைக் கடவுச்சீட்டு அல்ல, பிரித்தானிய உள்துறை கொடுத்த பயணப் பத்திரம். வளைகுடா ஒத்துழைப்பு நாடுகள் ஆறில் ஒன்றுகூட 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ஆறு கட்டில் அறையில் எந்தக் கட்டிலில் அவவை இருத்துவது என்று அண்ணை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கலியாணத்துக்குப் பின்னும் உறவு தொடர்கிறது என்று காட்டினால் நோக்கம் நல்லது என்று கொள்ள இடம் உண்டு என 1986 இல் குமார் என்பவரின் வழக்கில் நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆகவே எல்லோரும் கடிதமும் தொலைபேசிப் பில்லும் சேர்த்தார்கள். நாங்கள் கதைத்தது எத்திசலாத் கார்ட் போட்டு, தெருவோரத் தொலைபேசியில். கார்ட்டுக்கு ஏது பில்? அண்ணை முடிந்துபோன கார்ட்டுகளையெல்லாம் எறியாமல் ஒரு பெரிய நீடோ பால்மா டின்னில் போட்டு வைத்தார். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பேனாவால் திகதி. அது சாட்சியாகுமா என்று என்னைக் கேட்டார். ஆகாது என்று தெரிந்தும், "வைச்சிருங்கோ அண்ணை" என்றேன்.

நவம்பர், டிசம்பர், ஜனவரி. கடிதம் இல்லை. 1997 பெப்ரவரியில் அவருடைய தாயார் கரவெட்டியில் காலமானார். செய்தி வந்து சேரவே நான்கு நாள் ஆனது. அவர் போகவில்லை. யாரும் தடுக்கவில்லை; நிறுவனத்தில் விடுமுறைகூடத் தருவதாகச் சொன்னார்கள். போன நேரத்தில் கடிதம் வந்து, திகதி குறித்து எதையாவது கேட்டுவிட்டால்? ஊருக்குப் போய்ப் பாதை மூடித் திரும்ப முடியாமல் போனால்? ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் வதிவிட விசா செத்துவிடும். அன்றிரவு அறையில் ஒரு படமும் இல்லாமல் ஒரு மெழுகுதிரி வைத்தோம். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

அறையில் இன்னொருவர் இருந்தார். 1990 ஆகஸ்ட் 2 இல் ஈராக் உள்ளே நுழைந்தபோது குவைத்தில் இருந்தவர். அப்போது குவைத்தில் சுமார் ஒரு இலட்சம் இலங்கையர். தூதரகங்களை ஆகஸ்ட் 24 க்குள் மூடும்படி ஈராக் உத்தரவிட்டது. பாக்தாத் வழியாக ஜோர்தான் எல்லைப் பாலைவன முகாமுக்குப் போய், கொழும்புக்கு வந்து, மறுபடி சார்ஜாவுக்கு வந்தவர் அவர். அண்ணைக்கு ஆறுதலாக ஒன்று சொல்லுவார்: "உன்ர பைல் எங்கயோ ஒரு மேசையில கிடக்குது எண்டாவது உனக்குத் தெரியும்." குவைத்தில் அகப்பட்டவர்களுக்கு ஐக்கிய நாடுகள் இழப்பீட்டு ஆணைக்குழு, நாட்டை விட்டு வெளியேற நேர்ந்ததற்காகத் தனியாளுக்கு 2,500 டொலர், வேறு கோரிக்கை எதுவும் வைப்பதில்லை என்றால் 4,000 டொலர் என்று தொகை நிர்ணயித்தது. சம்பளம், வைப்புப் பணம், வாகனம் எல்லாவற்றுக்கும் வகை இருந்தது.

ஏப்ரலில் அண்ணையின் மூன்று வருட ஒப்பந்தம் முடிந்தது. அம்மாவின் மருமகனுக்கு இன்று வந்திருக்கும் அதே கேள்வி. கையெழுத்து வைக்காவிட்டால் விசா ரத்து. ஒரு மாதத்துக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும். போவதென்றால் போர் நடக்கும் ஊருக்கு. வைத்தால் இன்னும் மூன்று வருடம் கட்டுப்பட வேண்டும். "என்ன செய்வம் தம்பி?" என்று என்னைக் கேட்டார். நான் கணக்குப் போட்டுப் பார்த்து, வையுங்கோ என்றேன். வைத்தார்.

மே முதலாம் திகதி பிரித்தானியப் பொதுத்தேர்தல். முதன்மை நோக்க விதியால் வரும் அநியாயமான விளைவுகளை நீக்க முறையைச் சீர்திருத்துவதாகத் தொழிற்கட்சி விஞ்ஞாபனத்தில் சொல்லியிருந்தது. நாங்கள் அந்தத் தேர்தல் முடிவை பி.பி.சி.யில் இரவிரவாகக் கேட்டோம். வாக்கில்லாத ஆறு பேர். ஜூன் 5 இல் உள்துறை அமைச்சர் ஜக் ஸ்ட்ரோ விதியை நீக்கினார். கலியாணம் உண்மையானதா, சேர்ந்து வாழும் எண்ணம் உண்டா, தாபரிக்க வழி உண்டா என்ற கேள்விகள் தொடர்ந்து இருந்தன. ஆனால் அந்தப் பதினேழு வருடப் பொறி போய்விட்டது. அதற்கிடையில் விதியைச் சுற்றிப் போக ஐரோப்பியச் சட்டம் ஒரு குறுக்குப் பாதை கொடுத்திருந்ததும் உண்மை. 1992 இல் சுரீந்தர் சிங் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு பிரித்தானியக் குடியுரிமை உள்ளவர்கள் அயர்லாந்துக்கோ ஜெர்மனிக்கோ வேலைக்குப் போய், துணையுடன் திரும்பி வந்தார்கள். ஈ.எல்.ஆரில் இருந்து வந்த நம்மவருக்கு அந்தப் பாதை எட்டவில்லை.

அண்ணைக்குக் கடிதம் ஆகஸ்டில் வந்தது. விசா கிடைத்தது.

இனி வருவது கணக்கு. அவருடைய இறுதிக் கொடுப்பனவுத் தாளை நான்தான் தயாரித்தேன். எமிரேட்ஸின் 1980 ஆம் ஆண்டு 8 ஆம் இலக்கத் தொழிற்சட்டப்படி முதல் ஐந்து வருடமும் வருடத்துக்கு 21 நாள் சம்பளம் பணிக்கொடை. ஏப்ரலில் ஒப்பந்தம் முடிந்து போயிருந்தால் மூன்று வருடத்துக்கு 63 நாள் கிடைத்திருக்கும். ஆனால் காலவரையறை ஒப்பந்தத்தை இடையில் முறித்துத் தானாக விலகுபவருக்கு ஐந்து வருடச் சேவை இல்லாவிட்டால் பணிக்கொடையே இல்லை. அதற்கு மேல் மூன்று மாதச் சம்பளத்தின் பாதி, அதாவது 45 நாள், அவர் நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும். 63 உம் 45 உம் 108 நாள். நாளுக்கு 50 திர்ஹம்படி 5,400. கோயில் சுற்றுக்கு வாய்த்த எண்ணிக்கை என்று அண்ணை சிரித்தார். கையெழுத்து வைக்கச் சொன்னவன் நான் என்பதால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கு யோசித்தாலும் வேறு ஆலோசனை சொல்லியிருக்க முடியாது என்றே படுகிறது.

அதன் பிறகு வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நேர்முகம் குறைந்து, கடதாசியைப் பார்த்தே முடிவு சொல்லும் முறை பரவியது. 2008 செப்டம்பர் 20 இல் இஸ்லாமாபாத் மரியட் ஹோட்டல் குண்டுவெடிப்புக்குப் பிறகு பாகிஸ்தான் விண்ணப்பங்களை முடிவு செய்யும் வேலை அபுதாபிக்கு மாற்றப்பட்டது. 2010 இல் தலைமைப் பரிசோதகர் ஜோன் வைன் அங்கு போய்ப் பார்த்து, பாகிஸ்தானியரிடமும் வளைகுடா விண்ணப்பதாரரிடமும் வேறு வேறு அளவில் ஆதாரம் கேட்கப்படுவதாக அறிக்கை எழுதினார். பிறகு குடும்ப விண்ணப்பங்கள் ஷெஃபீல்டுக்குப் போயின. விண்ணப்பதாரர் அதிகாரியின் முகத்தையே காணாத காலம் வந்தது. 2022 மே மாதம் வழமையான காத்திருப்புக் காலம் 12 வாரத்திலிருந்து 24 வாரமாக நீட்டப்பட்டது.

நோக்கம் போன இடத்துக்குப் பணம் வந்தது. 2012 ஜூலை 9 முதல் இங்குள்ள துணைக்கு வருடம் 18,600 பவுண் வருமானம் வேண்டும் என்றார்கள். லெபனானிலிருந்து வந்த அகதி ஒருவரும் வேறு சிலரும் வழக்குப் போட்டு 2017 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். வருமான எல்லை சட்டத்துக்கு மாறானது அல்ல, ஆனால் பிள்ளைகளின் நலனையும் வேறு பணவழிகளையும் சரியாகக் கவனிக்கவில்லை என்றது மன்று. 2024 ஏப்ரல் 11 முதல் புதிய விண்ணப்பங்களுக்கு அது 29,000 ஆனது. வளைகுடாவில் இருப்பவர் கவனிக்க வேண்டியது: அங்கே அவர் எவ்வளவு உழைத்தாலும் அந்தச் சம்பளம் இந்தக் கணக்கில் சேராது. சேமிப்பு மட்டும் சேரும். அதிலும் முதல் 16,000 பவுணைக் கழித்து, மிச்சத்தை இரண்டரையால் பிரிக்க வேண்டும். சேமிப்பால் மட்டும் 29,000 காட்ட வேண்டுமென்றால் 88,500 பவுண், ஆறு மாதம் அசையாமல் கணக்கில் கிடந்திருக்க வேண்டும். அண்ணையின் 1,500 திர்ஹம் சம்பளத்தில் எத்தனை பிறவி என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

வளைகுடாப் பக்கத்துப் பூட்டு ஓரளவு இளகியிருக்கிறது. எமிரேட்ஸில் 2022 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிற்சட்டத்தில், விலகினார் என்பதற்காகப் பணிக்கொடையை வெட்டும் பழைய முறை இல்லை. கட்டாரில் வெளியேற முதலாளியின் அனுமதி வேண்டும் என்ற விதி 2018 இலும் 2020 இலும் படிப்படியாகப் பெரும்பாலானோருக்கு நீக்கப்பட்டது. வேலை மாற என்.ஓ.சி. தேவையில்லை என்ற சட்டமும் 2020 இல் வந்தது.

ஆகவே அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில்: கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். கட்டாரின் 2020 ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு வருடம்வரை சேவை உள்ளவர் ஒரு மாத முன்னறிவித்தலும், அதற்கு மேற்பட்டவர் இரண்டு மாத முன்னறிவித்தலும் கொடுத்து விலகலாம். மருமகனுக்கு நான்கு வருடம் என்று சொன்னீர்கள். ஆகவே இரண்டு மாதம். முடிவுக் கடிதம் கையில் வந்து, அதில் உள்ள திகதிகளைப் பார்த்த பிறகு மட்டும் முன்னறிவித்தல் கொடுக்கட்டும். ஒரு நாள்கூட முந்த வேண்டாம். புதிய ஒப்பந்தத்தில் முன்னறிவித்தல் பற்றிய வரியைக் கையெழுத்துக்கு முன் வாசிக்கச் சொல்லுங்கள். கடவுச்சீட்டைத் தானே வைத்திருக்கட்டும். ஊரில் யாருக்கும் சுகமில்லை என்று செய்தி வந்தால் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். கடிதம் வந்தால் மகள் இங்கிருந்து பார்த்துக்கொள்ளலாம். இப்போது மின்னஞ்சல் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கிடைத்த மறுப்புக் கடிதம், நேர்முகக் கேள்வி பதில் தாள், அப்பீலுக்கு அதிகாரி எழுதிய விளக்கக் கூற்று என்று ஏதாவது பழைய அலுமாரியில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பெயரை மறைத்துப் பிரதி எடுத்து நிலையத்தில் வைக்க விரும்புகிறோம். அண்ணை தன் கொப்பியைத் தர ஒத்துக்கொண்டிருக்கிறார். நீடோ டின்னையும் கேட்டேன். அதை அவருடைய மனைவி தரமாட்டாவாம்.